சால் ரூமைக் காலிசெய்யுமுன் வாசலை வரைந்துகொள்ளுங்கள்

மும்பையின் தாராவி, சயான் கோலிவாடா பக்கம் சால் (ஒரே நடையில் வரிசையாகத் திறக்கும் ஒற்றை ரூம் குடியிருப்பு) மறுகட்டுமானம் என்றாலே பேச்சு சதுர அடியில்தான் வந்து நிற்கும். உள்ளே எவ்வளவு கூடுகிறது என்று கணக்குப் போடுபவர்கள், கதவுக்கு வெளியே எது போகிறது என்று பார்ப்பதில்லை. குழந்தையைப் பார்த்துக்கொண்டதும், தண்ணீர் வந்ததும் குரல் கொடுத்ததும் கதவுக்கு வெளியே இருந்த அந்த நாலடி அகலப் பொது நடையில்தான். அதைத் தாளில் ஏற்றிவிட்டால் சொசைட்டி மீட்டிங்கில் பேச ஒரு பிடி கிடைக்கும்.

ஏ4 கிராஃப் தாள், டேப், பென்சில் போதும். 1 மீட்டருக்கு 2 செ.மீ. என்று வரைந்தால் 14 மீட்டர் நடை ஒரே தாளில் அடங்கும். கதவு, படி, குழாய், தண்ணீர் டிரம், செருப்பு குவியும் மூலை எல்லாவற்றையும் குறியுங்கள். பிறகு தண்ணீர் விடும் நேரம், காலை 11, மாலை 5, இரவு 9 என நான்கு வேளை, வேளைக்கு ஒரு மணி நேரம். 10 நிமிடத்துக்கு ஒருமுறை நடந்துபோய், அந்தக் கணத்தில் நிற்பவருக்கு வட்டம், உட்கார்ந்திருப்பவருக்குச் சதுரம் போடுங்கள். வார நாள் இரண்டு, ஞாயிறு ஒன்று. மொத்தம் 72 சுற்று. பெயரும் ரூம் நம்பரும் எழுத வேண்டாம்.

பலர் சறுக்குவது கேள்வியில். முதலிலேயே "எங்கே உட்காருவீங்க?" என்று கேட்டால் "நான் வெளியவே வர்றதில்லை" என்பார்கள், அந்த வாசலில்தான் சதுரம் அதிகம் விழுந்திருக்கும். கேள்வியைக் கடைசிக்கு வையுங்கள். கணபதி விழா வாரத்தில் எடுத்த வரைபடமும் உதவாது.

இனி வரைபடத்தைப் படிப்பது. அமெரிக்க மானுடவியலாளர் எட்வர்ட் ஹால் 1966-இல் மனிதர்களுக்கிடையிலான தூரத்தைப் பிரித்தார்: 45 செ.மீ. வரை நெருக்கம், 1.2 மீட்டர் வரை தனிப்பேச்சு, 3.6 மீட்டர் வரை சாதாரணப் பழக்கம். அமெரிக்கர்களைப் பார்த்துச் சொன்ன கணக்கு அது. மும்பைக்கு அப்படியே ஒட்டாது. ஆனால் 1.2 மீட்டர் நடையில் வாசற்படியில் ஒருவர் உட்கார்ந்திருந்தால், கடந்து போகிறவர் ஒரு வார்த்தை பேசாமல் போவது கஷ்டம் என்பது புரியும்.

கட்டடக் கலைஞர் ஆஸ்கர் நியூமன் எழுதியது இன்னும் நேரடி. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்து அடுக்குமாடிகளில் இரண்டு குடும்பம் பகிர்ந்த படிக்கட்டுத் தளம் சுத்தமாக இருந்தது. இருபது குடும்பம் பகிர்ந்த நடை நாசமாகிக் கிடந்தது. ஆளைக் குறை சொல்வதில் பயனில்லை. எத்தனை கதவு ஒரு நடையில் திறக்கிறது என்பதே கேள்வி. ஆகவே பிளானில் தளத்துக்கு எத்தனை வீடு என்று பார்ப்பதோடு நிறுத்தாமல், லிஃப்டுக்கு இருபுறமும் எத்தனை கதவு என்று எண்ணுங்கள். நடையை நடுவில் பிரிக்க முடியுமா என்று ஆர்கிடெக்டிடம் கேளுங்கள். தீயணைப்பு வழியை அடைக்காமல் செய்ய வேண்டும்.

தனிமை என்பது கதவைச் சாத்துவதல்ல, வேண்டும்போது திறக்கவும் மூடவும் முடிவது என்றார் உளவியலாளர் இர்வின் ஆல்ட்மன், 1975-இல். சாலில் அந்த வேலையைச் செய்தது கதவுத் திரை: கீழே ஒரு சாண் விட்டுத் தொங்கும்; வெளியே நிற்பவரின் கால் தெரியும், உள்ளே சமையல் தெரியாது. மாடி வீட்டில் மரக்கதவு ஒன்றுதான் என்றால் திறந்தால் முழுசு, மூடினால் முழுசு. ஜாலி (கம்பி வலை) வைத்த சேஃப்டி டோரும் அதன் உட்புறம் அரைத் திரையும் போட்டால் பழைய வசதி பாதி திரும்பும். செருப்பு ஸ்டாண்டை மட்டும் நடையில் வைக்காதீர்கள். புகை சூழ்ந்தால் முதலில் இடறுவது அதில்தான்.

வீடு ஒதுக்கக் குலுக்கல் போடுவதாக இருந்தால், சேர்ந்து இருக்க விரும்பும் நாலைந்து குடும்பத்துக்கு ஒரே சீட்டு என்று முன்பே பொதுக்குழுவில் தீர்மானம் வையுங்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக மாணவர் குடியிருப்பை ஆராய்ந்து 1950-இல் உளவியலாளர் ஃபெஸ்டிங்கரும் சகாக்களும் கண்டது இதுதான்: பக்கத்துக் கதவுக்காரரே அதிகம் நண்பரானார், ஒரே கட்டடத்தில் நாலு கதவு தள்ளிப்போனாலே நட்பு மளமளவென்று குறைந்தது.

குடிபோய் ஆறு மாதம் கழித்து அதே 72 சுற்றை மறுபடி எடுங்கள். வட்டம் எல்லாம் லிஃப்ட் முன்னால் குவிந்து, சதுரமே விழவில்லை என்றால், கீழ்த்தளத்தில் லிஃப்ட் பக்கம், வழிக்கு வெளியே, 45 செ.மீ. உயரத்தில் உட்கார ஒரு சிமெண்ட் திண்டு கட்டச் சொல்லுங்கள்.