டீசல் வண்டி இன்டேக்கில் கரி: கழற்றிச் சுத்தம் செய்வது எப்படி?

பொள்ளாச்சி மார்க்கெட்டுக்கும் தோட்டத்துக்கும் ஓடும் எங்கள் பிக்கப்பில் இழுவை குறைந்து, ஏற்றத்தில் கரும்புகை தள்ள ஆரம்பித்தது. ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர் மாற்றியும் சரியாகவில்லை. சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் குழாயான இன்டேக் மானிஃபோல்டைக் கழற்றினால் உள்ளே பாதி வழி கரியால் அடைத்திருந்தது.

பங்க் டீசல் மட்டம் என்று உடனே சொல்வார்கள். அது காரணம் இல்லை. நைட்ரஜன் ஆக்சைடைக் குறைப்பதற்காக இஜிஆர் வால்வு, எக்ஸாஸ்ட் புகையில் ஒரு பங்கைத் திரும்ப இன்டேக்குக்குள் விடுகிறது. அதோடு கரித்தூள் வரும். இன்ஜினுக்குள் சேரும் ஆவியை வெளியே விடும் பிரீதர் ஹோஸ் வழியாக ஆயில் ஆவியும் அங்கேயே வந்து சேரும். இரண்டும் ஒட்டித் தார் மாதிரி படியும். டீசல் நேராக சிலிண்டருக்குள் போவதால் இன்டேக்கைக் கழுவ வழியே கிடையாது. லோடு இல்லாமல் மெதுவாக ஓடும்போதுதான் இஜிஆர் அதிகம் வேலை செய்யும். இன்ஜின் சூடேறும் முன்பே நிறுத்துகிற குட்டி ஓட்டங்கள் கரியை வேகமாக வளர்க்கும்.

வேலைக்கு வருவோம். இன்ஜின் நன்றாக ஆறியதும் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். ஹோஸ், கனெக்டர் ஒவ்வொன்றையும் கழற்றும் முன் போனில் படம் எடுங்கள். அப்புறம் இஜிஆர் வால்வு, மானிஃபோல்டு. இஜிஆர் போல்ட் சூட்டில் இறுகியிருக்கும். துரு இளக்கும் ஸ்பிரே அடித்து ராத்திரி முழுக்க விடுங்கள். ஸ்பேனரில் பலம் காட்டினால் போல்ட் முறியும், பிறகு லேத் பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

சிலிண்டர் ஹெட்டில் இருக்கும் போர்ட்டுகளை, அதாவது காற்று உள்ளே போகும் துளைகளை, சுத்தம் செய்வதுதான் எனக்கு ரொம்ப நேரம் எடுத்தது. இங்கே அவசரமே கூடாது. அந்தத் துளையின் இன்டேக் வால்வு திறந்திருக்கும்போது சுரண்டினால் கரிக்கட்டி நேராக பிஸ்டன் மேல் விழும். கிராங்க் புல்லி போல்ட்டில் சாக்கெட் போட்டு, இன்ஜின் சுற்றும் திசையிலேயே மெல்லத் திருப்புங்கள். டார்ச் அடித்துப் பார்த்தால் எந்த போர்ட்டில் வால்வு மூடியிருக்கிறது என்று தெரியும். சந்தேகமாக இருந்தால் அங்கே கொஞ்சம் டீசல் விடுங்கள். இறங்காமல் நின்றால் மூடியிருக்கிறது. மற்ற போர்ட்டுகளைத் துணியால் அடைத்துவிட்டு, அதை மட்டும் சுரண்டி, கரியையும் டீசலையும் முழுதாக உறிஞ்சி எடுத்த பிறகே அடுத்ததுக்குத் திருப்புங்கள். திருப்பும் முன் எல்லாத் துணியையும் வெளியே எடுத்துவிட வேண்டும். அடைக்க திருப்பூர் பனியன் வேஸ்ட் வேண்டாம், நூல் பிரியும். கை துடைக்க அதைவிட நல்லது கிடையாது, ஆனால் போர்ட்டுக்கு ஓரம் தைத்த முழுத் துணிதான்.

சுரண்ட ஸ்க்ரூடிரைவர் எடுக்காதீர்கள். மூங்கில் குச்சியும் நைலான் பிரஷ்ஷும் போதும், அலுமினியம் கீறாது. கழற்றிய மானிஃபோல்டை, சென்சார்களை எடுத்துவிட்டு, டீசலில் ஒரு ராத்திரி ஊறப்போட்டு, மறுநாள் வெந்நீரும் பாத்திரம் கழுவும் லிக்விடும் போட்டுத் தேயுங்கள். காஸ்டிக் சோடா கூடவே கூடாது, அலுமினியத்தை அரித்துவிடும். இஜிஆரில் மோட்டார் இருக்கும் பகுதி நனையக் கூடாது. எல்லாம் நன்கு காய்ந்ததும் புதுக் கேஸ்கெட் வைத்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, சர்வீஸ் மேனுவல் சொல்லும் டார்க்கில் (இறுக்க அளவில்) இறுக்குங்கள். டார்க் ரெஞ்ச் இல்லையென்றால் இரவல் வாங்கியாவது வையுங்கள்.

பின்சேர்க்கை: கழற்றாமல், ஓடும் இன்ஜினில் கார்ப் கிளீனர் அடிக்கலாமா என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். வேண்டாம். டீசல் இன்ஜினில் இன்டேக் வழியாக எரியும் பொருள் போனால் அதுவும் எரிபொருளாகி, இன்ஜின் கட்டுப்பாடில்லாமல் சீறும் ஆபத்து உண்டு. இஜிஆரைத் தகடு வைத்து அடைக்கவும் நான் சொல்ல மாட்டேன். நைட்ரஜன் ஆக்சைடு கூடும், பல வண்டிகளில் இன்ஜின் விளக்கும் எரியும்.

மாட்டிய பிறகு ஐட்லிங் ஏறி இறங்குகிறது என்று பெருந்துறையிலிருந்து ஒருவர் எழுதினார். முதலில் ஹோஸ் கிளாம்ப்புகளைப் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தால், சில வண்டிகளில் ஸ்கேனர் வைத்து இஜிஆர் மூடும் நிலையைப் புதிதாகப் பதிய வேண்டியிருக்கும். சுத்தம் செய்து கொஞ்ச நாளிலேயே திரும்பக் கரி பிடித்தால், டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸைக் கழற்றிப் பாருங்கள். லேசான ஈரம் சகஜம்தான். ஆயில் தேங்கி நின்றால் டர்போ சீலையும் பிரீதரையும் பார்த்துச் சரி செய்த பிறகே மறுபடி மானிஃபோல்டில் கை வையுங்கள்.