பிள்ளைகளோடு 16 பக்கப் படக்கதைப் புத்தகம் செய்வது எப்படி?

கடலூர்ப் பிள்ளைகளிடம் காட்சி வரையச் சொன்னாலும் பெரும்பாலும் வருவது இரண்டு மலை, நடுவில் சூரியன். கடலூர்க் கடற்கரையான தேவனாம்பட்டினத்தில் மலை ஏது? இங்கே சூரியன் கடலிலிருந்தல்லவா எழுகிறது! அதனால் முதல் நாள் வேலையைக் கரையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். காலை ஆறு மணிக்கு, ஆளுக்கு ஒரே ஒரு பொருள்: படகின் அணியம் (முன்முனை), வலைக்குவியல், ஐஸ் பெட்டி, நண்டு வளை. பென்சிலால் கோடு மட்டும் போதும், அழிரப்பர் வேண்டாம்.

கதை சின்னதாக இருக்கட்டும். கூடையிலிருந்து தப்பிய நண்டு வளைக்குத் திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம்.

100 முதல் 120 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) வரையுள்ள ஏ4 தாள் 4 எடுங்கள். சாதாரண ஜெராக்ஸ் தாளில் ஸ்கெட்ச் பேனா மை மறுபக்கம் ஊறிவிடும், வாட்டர் கலர் பட்டால் தாள் நெளியும். ஒவ்வொன்றையும் பாதியாக மடித்து ஒன்றுக்குள் ஒன்று செருகினால் 16 பக்கம். செருகியபடியே 1 முதல் 16 வரை பென்சிலால் எண் போட்டுவிட்டுப் பிரியுங்கள். ஒரே தாளின் ஒரே முகத்தில் உள்ள இரண்டு எண்களைக் கூட்டினால் எப்போதும் 17 வரவேண்டும்: 1-16, 2-15, 3-14. வராவிட்டால் எண் போடும்போது ஏதோ பக்கம் விட்டுப்போயிருக்கிறது.

1ஆம் பக்கம் தலைப்பு. அதன்பின் 2-3, 4-5 என எதிரெதிர்ப் பக்கங்கள் 7 சோடி, கடைசியில் 16 தனியாக. இதில் 8-9 மட்டுமே ஒரே தாளின் ஒரே முகமாக விரியும். கடல் முழுவதையும் காட்டும் பெரிய படத்தை அங்கே வையுங்கள். மற்ற சோடிகளில் படம் மடிப்பைத் தாண்டினால் அடிவானம் ஒரு பக்கம் மேலேயும் மறுபக்கம் கீழேயும் நிற்கும். எங்கு வரைந்தாலும் முகமும் கண்ணும் மடிப்பிலிருந்து 1.5 செ.மீ. தள்ளியே இருக்கட்டும்.

படமும் எழுத்தும் சேரும் இடத்தில்தான் இந்தப் புத்தகத்தின் உயிர் இருக்கிறது. படத்தில் நண்டு சிவப்பாக, ஐஸ் பெட்டிக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது என்றால், “சிவப்பு நண்டு பெட்டிக்குப் பின்னால் ஒளிந்தது” என்று எழுதினால் பிள்ளைக்குத் தேட ஒன்றும் மிஞ்சாது. “யாரும் பார்க்கலையே?” என்று மட்டும் எழுதுங்கள், நண்டை விரல் வைத்துக் காட்டுவது வாசிக்கிற பிள்ளையின் வேலை. கேள்வி வலப்பக்கத்தில் வரட்டும், விடை தாளைத் திருப்பினால் கிடைக்கட்டும். இரண்டும் எதிரெதிரே இருந்தால் கண் முதலில் விடைக்கே ஓடும்.

எழுத்துக்கான இடத்தைப் படம் தொடங்கும் முன்பே பென்சில் கட்டமாக ஒதுக்கிவிடுங்கள். இல்லையென்றால் பிள்ளைகள் வானம் முழுக்க வண்ணம் அடித்துவிட்டு எழுத இடம் தேடுவார்கள். பக்கத்துக்கு இரண்டு வரி போதும். வரிக்கடைசியில் சொல்லை உடைக்காதீர்கள். புதிதாக எழுத்துக்கூட்டும் பிள்ளை அங்கேயே திணறிவிடும்.

ஒரு பக்கம் கெட்டால் அதே தாளில் உள்ள மற்ற மூன்றும் வீணாகும். ஆகவே உள்ளங்கை அளவில் ஒரு மாதிரிப் புத்தகம் செய்து பார்த்த பிறகே பெரிய தாளைத் தொடுங்கள். மெழுகுக் கிரையான் எதிர்ப்பக்கத்தில் ஒட்டும், கலர் பென்சில் ஒட்டாது.

பசை வேண்டாம், தையலே நல்லது. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் மைதாப் பசை பூசணம் பிடிக்கும். பைண்டிங் கடைகளில் சேர்க்கும் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) நஞ்சு, பிள்ளைகள் கைக்கு ஆகாது. 200 ஜிஎஸ்எம் அட்டையை வெளியே வைத்து, மடிப்பில் மூன்று துளை போடுங்கள்: நடுவில் ஒன்று, மேலும் கீழும் விளிம்பிலிருந்து 3 செ.மீ. தள்ளி ஒவ்வொன்று. 55 செ.மீ. தடித்த நூல். உள்ளிருந்து நடுத்துளை வழியே வெளியே, மேல்துளையில் உள்ளே, நடுவைத் தாண்டிக் கீழ்த்துளையில் வெளியே, மறுபடி நடுத்துளையில் உள்ளே. உள்ளே ஓடும் நீளமான நூலுக்கு இருபுறமும் இரண்டு முனைகளையும் வைத்து இறுக்கி, இரட்டை முடிச்சுப் போடுங்கள். இழுக்கும்போது நூலை மடிப்பின் போக்கிலேயே இழுங்கள். நிமிர்த்தி இழுத்தால் துளை கிழிந்துவிடும்.