பழைய புகைப்படங்களிலிருந்து மறைந்த கட்டடங்களையும் ரயில், பேருந்து நிலையங்களையும் அடையாளம் காணும் முறை: தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்காக

பழைய படம் ஒன்றில் உள்ள கட்டடம் எது என்று கண்டுபிடிக்க விரும்புபவர், முதலில் அந்தக் கட்டடத்துக்குப் பின்னால் என்ன தெரிகிறது என்று பார்க்க வேண்டும். கட்டடம் இடிந்திருக்கும், சாலை அகலமாகியிருக்கும், புளியமரங்கள் வெட்டப்பட்டிருக்கும். ஆனால் மலை அதே இடத்தில்தான் இருக்கிறது. கிருஷ்ணகிரி ஊருக்கு மேலே எழுந்து நிற்கும் கோட்டைமலை, ராயக்கோட்டைப் பாறை, ஊர்களைச் சூழ்ந்திருக்கும் சிறு குன்றுகள் ஆகியவை இம்மாவட்டங்களில் பழைய படம் பார்ப்பவர்களுக்குக் கிடைத்திருக்கும் பெரும் துணை. சமவெளி ஊர்க்காரர்களுக்கு இந்த வசதி இல்லை. மலைக்கு அடுத்தபடியாக நம்பத்தக்கவை ஏரிக்கரை, கோயில் கோபுரம், மசூதியின் மினார், பழைய சாலையின் வளைவு ஆகியவை. சுவர், கூரை, பெயர்ப்பலகை எல்லாம் இவற்றுக்குப் பிறகுதான்.

முதலில் படத்தைக் கெடுக்காமல் நகலெடுக்க வேண்டும். அட்டையில் ஒட்டிய படத்தைப் பிய்க்காமல், ஈரத் துணியால் துடைக்காமல், 600 டிபிஐ அல்லது அதற்கு மேற்பட்ட அளவில் ஸ்கேன் செய்யுங்கள். பின்புறத்தையும் ஸ்கேன் செய்யுங்கள், ஏனெனில் ஸ்டுடியோவின் முத்திரையும் பென்சில் குறிப்பும் அங்கேதான் இருக்கும். ஆல்பத்திலிருந்து எடுத்த படமென்றால் அதற்கு முன்னும் பின்னும் இருந்த படங்களையும் சேர்த்தே எடுத்து வைக்க வேண்டும். மங்கலான படத்தைத் தெளிவாக்கித் தருவதாகச் சொல்லும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளை இந்த வேலைக்குப் பயன்படுத்தவே கூடாது. அவை இல்லாத எழுத்தையும் இல்லாத ஜன்னலையும் தாமாக வரைந்து சேர்க்கின்றன. அப்படிச் சேர்ந்த ஓர் எழுத்தை நம்பி ஊரையே மாற்றிச் சொல்லிவிட நேரும். ஒளியையும் மாறுபாட்டையும் கூட்டிக் குறைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

படம் இடவலம் மாறி அச்சாகியிருக்கிறதா என்பதையும் தொடக்கத்திலேயே பார்த்துவிட வேண்டும். எழுத்து ஏதும் இல்லாத படத்தில், பெண்களின் புடவைத் தலைப்பு இடத் தோளில் விழுகிறதா, ஆண்களின் சட்டைப் பை இடப் பக்கம் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். மாறி அச்சான படத்தை வைத்துக்கொண்டு மலையைத் தேடினால் அந்த மலை எங்குமே கிடைக்காது.

நின்ற இடத்தைக் கண்டுபிடித்தல்

இந்த வேலையின் உயிர்நாடி இதுதான். படமெடுத்தவர் எங்கே நின்றார் என்பது தெரிந்துவிட்டால், படத்திலுள்ள கட்டடம் எங்கே இருந்தது என்பது பெரும்பாலும் தானே தெரிந்துவிடும். அதற்கு, படத்தில் அருகிலுள்ள மாறாத பொருள் ஒன்றும் தொலைவிலுள்ள மாறாத பொருள் ஒன்றும் ஒன்றன் பின் ஒன்றாக ஒரே நேர்கோட்டில் வரும் இடங்களைத் தேட வேண்டும். எடுத்துக்காட்டாக, கோபுரத்தின் உச்சிக்கு நேர் பின்னால் மலையின் ஒரு பிளவு தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். இன்று நீங்கள் போய் நிற்கும் இடத்தில் அந்தப் பிளவு கோபுரத்துக்கு இடப் பக்கம் விலகித் தெரிந்தால் நீங்கள் வலப் பக்கம் நகர வேண்டும். வலப் பக்கம் விலகித் தெரிந்தால் இடப் பக்கம் நகர வேண்டும். அந்த இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் கோட்டில்தான் படமெடுத்தவர் நின்றிருக்கிறார். இதே போல வேறொரு இணையைக் கொண்டு இன்னொரு கோடு கிடைத்தால், இரண்டும் வெட்டிக்கொள்ளும் புள்ளியே அவர் நின்ற இடம். வரைபடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டும் இதைச் செய்யலாம். கூகுள் எர்த்தில் பார்வையைத் தரைமட்டத்துக்கு இறக்கி மலையின் விளிம்பை ஒப்பிட்டு, களத்துக்குப் போகும் முன்பே தெருவளவுக்கு நெருங்கிவிடலாம்.

படத்தில் மலை மிகப் பெரிதாகத் தெரிகிறது, ஆகவே மலையடியில் நின்று எடுத்திருப்பார்கள் என்று முடிவு செய்யக் கூடாது. லென்ஸின் குவியத் தூரம் மாறினால் எல்லாமே சேர்ந்து பெரிதாகும் அல்லது சிறிதாகும். ஆனால் எது எதன் பின்னால் மறைகிறது, எதற்கும் எதற்கும் உயர விகிதம் என்ன என்பவை நின்ற இடத்தை மட்டுமே பொறுத்தவை. ஆகவே அளவை விட்டுவிட்டுப் பொருத்தத்தைப் பாருங்கள்.

நிழல் திசையைச் சொல்லும். ஆனால் நம் ஊரில் அதைப் படிப்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. தருமபுரியும் கிருஷ்ணகிரியும் 12 பாகை வட அட்சத்தைச் சற்றுத் தாண்டி இருப்பதால், ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் உச்சிக்கு வடக்கே நிற்கிறது; அந்த மாதங்களில் வடக்குச் சுவரில் வெயில் விழும். டிசம்பரில் நண்பகலில் சூரியன் தெற்கே ஏறக்குறைய 54 பாகை உயரத்தில் இருக்கும்; ஆளின் நிழல் வடக்கு நோக்கி அவர் உயரத்தில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவாக விழும். நண்பகல் நிழல் வடக்கேதான் விழும் என்று வெளியூர்ப் பாடம் படித்தவர்கள் கோடைக்காலத் திருவிழாப் படங்களில் திசையைத் தலைகீழாகச் சொல்லிவிடுவது இதனால்தான்.

மறைந்த ரயில் பாதைகள்

கிருஷ்ணகிரியில் ஒரு காலத்தில் ரயில் நிலையம் இருந்தது என்றால் இன்றைய இளைஞர்கள் பலர் நம்ப மாட்டார்கள். திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு 1905இலும், மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906இலும் 2 அடி 6 அங்குல அகலமுள்ள குறுகிய பாதைகள் திறக்கப்பட்டன. இரண்டும் பஞ்ச காலத்தில் தானியம் கொண்டுசெல்வதற்காகத் திட்டமிடப்பட்டவை. தருமபுரிப் பாதை 1913இல் ஓசூர் வரை நீண்டது. இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் இரண்டுமே மூடப்பட்டுவிட்டன. இன்று தருமபுரி வழியாக ஓடும் சேலம்–பெங்களூரு பாதை விடுதலைக்குப் பிறகு மீட்டர் கேஜாகப் போடப்பட்டு, பின்னர் அகலப் பாதையாக மாற்றப்பட்டது. எனவே ‘பழைய தருமபுரி ஸ்டேஷன்’ என்று குறிப்பெழுதிய படம் எந்தப் பாதையைச் சேர்ந்தது என்பதைத் தண்டவாளமே சொல்ல வேண்டும்.

தண்டவாள அகலத்தைப் படத்திலேயே ஒப்பிடலாம். குறுகிய பாதை 762 மில்லிமீட்டர், மீட்டர் கேஜ் 1000, அகலப் பாதை 1676. தண்டவாளத்தின் அருகே, கேமராவிலிருந்து அதே தொலைவில், வளர்ந்த ஆள் ஒருவர் நின்றால், குறுகிய பாதையின் அகலம் அவர் உயரத்தில் பாதிக்கும் குறைவாக இருக்கும்; அகலப் பாதையின் அகலம் ஏறத்தாழ அவர் உயரமே இருக்கும். தண்டவாளம் நேர் எதிரே நம்மை நோக்கி வரும் படங்களில் மட்டுமே இந்த ஒப்பீடு செல்லும். பக்கவாட்டில் ஓடும் படங்களில் அகலம் சுருங்கித் தெரியும். மொரப்பூர் அகலப் பாதையின் முதன்மைத் தடத்தில் இருந்த நிலையமாதலால், ஒரே படத்தில் இரு அகலங்களும் தெரிந்தால் முதலில் மொரப்பூரையும் அடுத்துத் திருப்பத்தூரையும் நினையுங்கள்.

நிலையம் இருந்த இடத்தைத் தரையில் காண, இந்திய நில அளவைத் துறையின் பழைய ஓர் அங்குலம்–ஒரு மைல் வரைபடங்களைத் தேடுங்கள். தருமபுரி 57எல்/4 தாளிலும், கிருஷ்ணகிரி 57எல்/2 தாளின் தென் ஓரத்திலும், மொரப்பூர் 57எல்/8 தாளிலும் வரும். ஓசூர்ப் பகுதிக்கு 57எச் வரிசையைப் பார்க்க வேண்டும். 1918ஆம் ஆண்டின் சேலம் மாவட்ட கெசட்டியரும் (அரசின் மாவட்ட விவரத் தொகுப்பு நூல்) அந்தக் காலப் போக்குவரத்தை அறிய உதவும். அப்போது இரு மாவட்டங்களும் சேலம் ஜில்லாவுக்குள் இருந்தன என்பதை மறந்துவிட்டு ஆவணக் காப்பகத்தில் ‘தருமபுரி மாவட்டம்’ என்று தேடுபவர்களுக்கு 1965க்கு முந்தைய எதுவும் கிடைக்காது.

வரைபடத்தை விடவும் நான் மதிப்பது நிலப் பதிவுகளை. ரயில் ஓடிய நிலம் கை மாறினாலும் அதன் வடிவம் எளிதில் அழிவதில்லை. கிராமத்தின் புலப்படங்களை, அதாவது ஒவ்வொரு சர்வே எண்ணின் எல்லையையும் காட்டும் வரைபடங்களை, அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது, சதுரமும் கோணலுமான வயல்களை ஊடறுத்துக்கொண்டு நீண்டு ஒடுங்கிய துண்டு ஒன்று மெல்ல வளைந்து போகுமானால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். வண்டிப்பாதை திடீரென்று திரும்பும், ரயில் பாதையால் அப்படித் திரும்ப முடியாது. கிராம நிலங்களின் விவரங்களைக் கொண்ட அ-பதிவேட்டில் அந்தச் சர்வே எண் எப்படி வகைப்படுத்தப்பட்டிருக்கிறது என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுப் பாருங்கள். அக்கம்பக்கத்து நிலக்காரர்களின் தாய்ப்பத்திரங்களில் நான்கெல்லை எழுதும் இடத்தில் ‘இருப்புப்பாதைக்கு வடக்கு’, ‘ரயில் ரோட்டுக்குக் கிழக்கு’ என்று வந்தால், எந்தப் புகைப்படத்தையும் விட அது வலுவான சான்று. ஏனென்றால் பணம் கொடுத்து நிலம் வாங்கியவர் எல்லையைச் சரிபார்க்காமல் விட்டிருக்க மாட்டார்.

பேருந்தும் பலகையும் சொல்லும் காலம்

இடம் தெரிந்த பிறகே காலத்துக்கு வர வேண்டும். ஒவ்வொரு தடயத்தையும் பார்த்து, இது ‘இந்த ஆண்டுக்கு முன் இருக்க முடியாது’ என்கிறதா, ‘இந்த ஆண்டுக்குப் பின் இருக்க முடியாது’ என்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலானவை முதல் வகை மட்டுமே.

ஒரு படத்தை அருகில் வைத்துப் பார்ப்போம். கல்யாணக் கூட்டம் ஒன்று பேருந்தின் முன் நிற்கிறது. பேருந்தின் பக்கவாட்டில் ‘…னை சத்யா போக்கு…’ என்ற எழுத்துகள் தலைகளுக்கு மேல் தெரிகின்றன. பின்னால் கல்தூண் தாழ்வாரமும் ஓட்டுக்கூரையும் கொண்ட நீளமான கட்டடம். அதன் ஓரத்தில் ஒரு கடைப் பலகை. எல்லாவற்றுக்கும் மேலே மதில் கோடு ஓடும் மலை. தருமபுரியைத் தலைமையிடமாகக் கொண்ட அன்னை சத்யா போக்குவரத்துக் கழகம் 1987இல் உருவானது. 1997இல் அது தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்று பெயர் மாறியது. 1987க்கு முன் ஓடியவை சேலத்து அண்ணா போக்குவரத்துக் கழகப் பேருந்துகள். ஆகவே படம் 1987க்கு முந்தையது அல்ல. பெயர் மாறிய பின்னும் பழைய வண்ணத்தோடு சில வண்டிகள் ஓடியிருக்கக்கூடும் என்பதால் மேல் எல்லையை, அதாவது ‘இதற்குப் பின் இருக்க முடியாது’ என்ற ஆண்டை, சற்றுத் தளர்த்திச் சொல்ல வேண்டும். கடைப் பலகையில் ‘கிருஷ்ணா’ என்ற சொல்லின் ணா பழைய சுழி வடிவத்தில் இருக்கிறது. அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது 1978இல்; எனவே அந்தப் பலகையும், அது மாட்டப்பட்ட கட்டடமும் அதற்கு முன்பே இருந்திருக்க வாய்ப்பு அதிகம். பழக்கத்தால் பழைய எழுத்தையே தொடர்ந்த பெயின்டர்களும் உண்டு என்பதால் ‘வாய்ப்பு’ என்ற அளவிலேயே நிற்க வேண்டும். சீர்திருத்த எழுத்து இருந்தால் 1978க்குப் பிந்தையது என்ற விதிக்கும் விலக்கு உண்டு: பெரியார் 1935 முதலே அந்த எழுத்துகளைப் பயன்படுத்தியதால், திராவிட இயக்கச் சுவரெழுத்தை வைத்து ஆண்டு கணிக்கக் கூடாது. ஆக, இந்தப் படத்திலிருந்து நியாயமாகச் சொல்லக்கூடியது, மலையடியில் பேருந்து நின்ற ஓரிடத்தில் 1987க்குப் பிறகும் ஓர் ஓட்டுக் கட்டடம் இருந்தது என்பதே. ‘இதுதான் பழைய பஸ் ஸ்டாண்டு’ என்று எழுத இதில் எதுவும் இல்லை.

மற்ற தடயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பலகையில் ‘சேலம் ஜில்லா’ என்றிருந்தால் 1965 அக்டோபர் 2க்கு முந்தைய பலகை. கிருஷ்ணகிரிக் கடையில் ‘தருமபுரி மாவட்டம்’ என்றிருந்தால் அந்த நாளுக்கும் 2004 பிப்ரவரிக்கும் இடைப்பட்டது. அஞ்சல் குறியீட்டு எண் இருந்தால் 1972க்குப் பிறகு. விலை அணாவில் இருந்தால் 1957க்கு முன்போ அதை ஒட்டியோ. டிஎன் 29, டிஎன் 24, டிஎன் 70 என்று இரு இலக்கத்தோடு வண்டி எண் இருந்தால் 1989க்குப் பிறகு. நெடுஞ்சாலைக் கல்லில் என்.எச். 7 என்றிருந்தால் அது 44 என்று எண் மாற்றப்படுவதற்கு முந்தைய கல். சினிமா போஸ்டர் கீழ் எல்லையை (‘இதற்கு முன் இருக்க முடியாது’ என்ற ஆண்டை) மட்டுமே தரும். ஊர்க் கொட்டகைகளுக்குப் படங்கள் பல மாதங்கள், சில நேரம் பல ஆண்டுகள் கழித்து வந்தன.

கேட்டறிதல்

பெரியவர்களிடம் கேட்பதைக் கடைசியாக வையுங்கள், ஆனால் தள்ளிப்போடாதீர்கள். படத்தைக் கையில் கொடுத்து ‘தாத்தா, இது பழைய ஸ்டேஷன்தானே?’ என்று கேட்டால் பெரும்பாலும் ஆமாம் என்றே பதில் வரும். எதுவும் சொல்லாமல் கொடுத்து, ‘இது எந்த இடம்ங்க? இதுக்கு எதிர்ல என்ன இருந்துச்சு?’ என்று கேளுங்கள். படத்தில் இல்லாத எதிர்ப்பக்கத்தை இருவர் தனித்தனியே ஒன்றுபோலச் சொன்னால் அது நல்ல சான்று. கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பக்கம் தெலுங்கு, கன்னடம், உருது பேசும் குடும்பங்களில் அவரவர் மொழியில் கேட்டால் தெருக்களின் பழைய பெயர்களும் சேர்ந்து கிடைக்கும்.

ஓசூரில் பிரெட் என்ற ஆங்கிலேயக் கலெக்டர் 19ஆம் நூற்றாண்டில் கட்டிய மாளிகை போன்று பெயர் பெற்ற சிதைவுகளுக்கு ஆவணம் கிடைத்துவிடும். ஊர்ச் சந்தைக் கொட்டகைக்கும் பயணியர் விடுதிக்கும் பஸ் நின்ற ஓட்டுத் தாழ்வாரத்துக்கும் வீட்டு ஆல்பங்களைத் தவிர வேறு சாட்சி இல்லை. ஆகவே கண்டறிந்ததை எழுதிவைக்கும்போது மூன்றாகப் பிரித்து எழுதுங்கள்: நின்ற இடம் பொருந்தியதால் உறுதியானது, தடயங்களால் வாய்ப்புள்ளது, ஒருவர் சொன்னது மட்டும். மூலப் படத்தின் மேல் எதையும் எழுதாமல் தனித் தாளில் எழுதி, நின்ற இடத்தின் அட்ச–தீர்க்க எண்களையும், இன்று அங்கிருந்து எடுத்த படத்தையும், படத்தைக் கொடுத்த குடும்பத்தின் அனுமதியையும் இணைத்து, ஒரு நகலை அந்தக் குடும்பத்திடமும் மற்றொன்றை ஊர் நூலகத்திலோ மாவட்ட அருங்காட்சியகத்திலோ கொடுத்துவையுங்கள்.