கிரபீன் தாளில் இரும்பணுவை வைத்துக் காந்தத்தைக் கணிக்கும் முறை

புல்மோட்டைக் கறுப்பு மணலிலுள்ள இல்மனைற்றில் இரும்பும் தைத்தேனியமும் உண்டு. கிரபீனின் மூலமான காரீயம் (கிரபைற்று) போகலையில் தோண்டப்படுகிறது. கிரபீன் எனப்படும் ஒற்றை அணுத் தடிப்புள்ள காபன் தாளில் ஓர் இரும்பணுவை வைத்தால் என்ன நிகழும் என்பதை, திருகோணமலையிலிருக்கும் மாணவர் ஒருவர், பொருட்களின் இலத்திரன் அமைப்பைக் கணிக்கும் குவாண்டம் எஸ்பிரெஸோ என்ற இலவச மென்பொருளைக்கொண்டு மடிகணினியிலேயே ஆராயத் தொடங்கலாம். கணிப்பு நாட்கணக்கில் ஓடக்கூடும்; இடையில் கரண்ட் போனால் விட்ட இடத்திலிருந்து தொடரும்படி முன்கூட்டியே அமைத்துவிடுங்கள்.

முதலில் உலோகமற்ற தாளைக் கணியுங்கள். அலகுக் கூட்டின் (திரும்பத் திரும்ப வரும் மிகச் சிறிய பகுதியின்) பக்கம் 0.246 நனோமீற்றருக்கு அண்மையில் வரவேண்டும். பின்னர் அதை நான்குக்கு நான்காகப் பெருக்கினால் 32 காபன் அணுக்கள் கிடைக்கும். தாளுக்கு மேலே குறைந்தது 1.5 நனோமீற்றர் வெற்றிடம் விடுங்கள்.

இரும்பணுவை அறுகோணத்தின் நடுவிலும், பிணைப்பின் நடுவிலும், காபனுக்கு நேர் மேலேயும் தனித்தனியே வைத்து மூன்று சக்திகளையும் ஒப்பிட வேண்டும். இரும்பு விரும்புவது அறுகோண நடுவையே. பிணைப்பின் சரிநடுவில் வைத்த அணு, சமச்சீர் காரணமாகப் பக்கவாட்டு விசையின்றி அங்கேயே நின்றுவிடும் என்பதால், அதை உறுதியான இடமென்று எண்ணிவிடாதீர்கள்.

தொடக்கக் காந்தமாக்கலை இரும்புக்குக் கொடுக்க மறப்பது புதியவர்கள் செய்யக்கூடிய பிழை. மறந்தால் மென்பொருள் பிழைகாட்டி நின்றுவிடலாம்; பூச்சியமாகக் கொடுத்தால் விடையும் பூச்சியமாகவே வரும். வெளியீட்டில் மொத்தக் காந்தமாக்கல், தனிக் காந்தமாக்கல் (திசைக்குறி பாராமல் கூட்டிய அளவு) என இரு வரிகள் இருக்கும். முதலாவது பூச்சியமாகவும் இரண்டாவது பெரிதாகவும் இருந்தால், காந்தம் அழியவில்லை, எதிரெதிராக நின்று ஈடுசெய்கிறது என்று பொருள். தனித்த இரும்பணுவின் சுழல் திருப்பம், அதாவது இலத்திரன் சுழற்சியால் வரும் காந்த அளவு, 4 போர் மக்னற்றோன் (அணுக்காந்தத்தின் அலகு). தாளின்மீது அது ஏறத்தாழ 2 ஆகக் குறையும், ஏனெனில் 4எஸ் இலத்திரன்கள் 3டி மட்டத்துக்கு நகர்ந்து சோடி சேர்கின்றன.

இனி ஒரு காபனை அகற்றி, அந்தக் காலியிடத்தில் இரும்பைப் பொருத்துங்கள். மூன்று காபன்களுடன் வலுவாகப் பிணைவதால், வழமையான சாய்வுத் தோராயத்தில் (இலத்திரன் அடர்த்தியையும் அதன் சாய்வையும் கொண்டு சக்தியைக் கணிக்கும் முறையில்) காந்தம் மறைந்துவிடும். ஒரே உலோகம், ஒரே தாள். இடம் மாறியதும் விடை மாறுகிறது. டி மட்ட இலத்திரன்களுக்கிடையிலான தள்ளுகையைச் சீர்செய்யும் ஹபார்ட் திருத்தத்தை 0, 2, 4 இலத்திரன் வோல்ற்று என மாற்றி ஓட்டிப் பாருங்கள். விடை தலைகீழானால் எல்லாப் பெறுமானங்களையும் அறிக்கையில் எழுதுவதே நேர்மை.

மின்னியல்பை அறிய, நிலையடர்த்தியை (ஒவ்வொரு சக்தியிலும் எத்தனை இலத்திரன் நிலைகள் உள்ளன என்பதை) இரும்பின் டி மட்டத்துக்கும் காபனின் பி மட்டத்துக்கும் பிரித்து வரையுங்கள். அறுகோண நடுவிலுள்ள இரும்பு தாளுக்கு இலத்திரன் கொடுப்பதால், பேர்மி மட்டம் (இலத்திரன்கள் நிரம்பியிருக்கும் உச்சச் சக்தி), கிரபீனின் கூம்பு வடிவச் சக்திப் பட்டைகள் சந்திக்கும் முனைக்கு மேலே ஏறியிருக்கும். ஆய்வுகூடத்தில் இத்தகைய அணுக்கள் எளிதில் உருண்டோடிக் கொத்தாகத் திரள்கின்றன. காபன் அகன்ற காலியிடத்தில் பொருந்தியவையே நகராமல் நிற்கின்றன.