‘கன்னியின் பிரார்த்தனை’யைப் பியானோவில் வாசிக்கத் தொடங்குவது எப்படி?

தைவானில் குப்பை வண்டி தெருவுக்குள் வரும்போது ஒலிக்கும் பியானோ மெட்டுகளில் ஒன்றுதான் ‘கன்னியின் பிரார்த்தனை’ (A Maiden's Prayer). அதை எழுதியவர் போலந்தைச் சேர்ந்த டெக்லா பொந்தாஷெவ்ஸ்கா. 1856-ல் வார்சாவில் அச்சான இந்தச் சிறு உருப்படி, பாரிஸ் இசைப் பத்திரிகை ஒன்றில் இணைப்பாக வந்த பிறகு ஐரோப்பா முழுக்கப் பரவியது. 1861-ல், சின்ன வயதிலேயே அவர் காலமானார். ‘நிறைவேறிய பிரார்த்தனை’ என்று இதற்குப் பதில்போல இன்னொன்றும் எழுதியிருக்கிறார். வெள்ளிக் கிரகத்தில் ஒரு பள்ளத்துக்கு அவர் பெயர் உண்டு. விமர்சகர்கள் பலர் இந்த மெட்டை இளக்காரமாகப் பேசியிருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வீட்டுக் கூடத்தில் வாசிக்க எழுதிய இசை இது, அந்த வேலையை அழகாகவே செய்கிறது.

சரி, வாசிப்புக்கு வருவோம்.

1. நோட்டு, அதாவது இசைக் குறிப்புத் தாள். ஐஎம்எஸ்எல்பி (IMSLP) என்ற இணைய இசைநூலகத்தில் இலவசமாகக் கிடைக்கும். மூல சுருதியான இ-ஃபிளாட் மேஜரில் உள்ளதையே எடுங்கள். சி மேஜருக்கு மாற்றிய ‘ஈஸி’ பதிப்புகள் வேண்டாம், கை பழகுவதே வேறு மாதிரி ஆகிவிடும். எந்தக் கட்டையை அழுத்துவது என்று வண்ணக் கோடுகள் விழுந்து காட்டும் வீடியோக்களையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். மியூஸ்ஸ்கோர் (MuseScore) என்ற இசைக் குறிப்பு மென்பொருளில் வேகத்தைக் குறைத்துக் கேட்பது நல்லது.

2. வலது கை. பெரும்பாலானோர் திணறுவது இங்கேதான். மெட்டு இ-ஃபிளாட், ஜி, பி-ஃபிளாட் என்று ஆக்டேவ்களாக (ஒரே சுரத்தை ஒரு ஸ்தாயி இடைவெளியில் இரண்டு கட்டைகளில் சேர்த்து அழுத்துவது) மேலே ஏறும். கருப்பு, வெள்ளை, கருப்பு. ஜி-யை வெள்ளைக் கட்டையின் நுனியில் அழுத்தினால், கை ஒவ்வொரு முறையும் முன்னும் பின்னும் அலைய வேண்டிவரும். கருப்புக் கட்டைகளை ஒட்டி, உள்பக்கமாகவே ஜி-யை அழுத்துங்கள். கை ஒரே கோட்டில் பக்கவாட்டில் மட்டும் நகரும்.

முதலில் மேல் சுரத்தைச் சுண்டு விரலால் மட்டும் வாசியுங்கள். அடுத்து கட்டைவிரல் மட்டும். அப்புறம் இரண்டும் சேர்த்து. மணிக்கட்டு இறுகினால் உடனே நிறுத்திக் கையை உதறுங்கள். வலியோடு தொடரவே கூடாது. ஆக்டேவ் எட்டாத சிறிய கை என்றால் கீழ் சுரத்தை விட்டுவிடுங்கள், மெட்டு கெடாது.

3. இடது கை. ஒரு தாழ்ந்த சுரம், பின்னால் கார்டு (chord, சேர்ந்து ஒலிக்கும் சில சுரங்கள்). கார்டு மென்மையாக ஒலிக்கட்டும். அது சத்தமாக விழுந்தால் மெட்டு அமுங்கிவிடும்.

4. பெடல். கார்டு மாறும்போதெல்லாம் வலது பெடலையும் விட்டு மறுபடி அழுத்துங்கள். இரண்டு கையும் கூடிவந்த பிறகு இதைத் தொட்டால் போதும்.

பிற்சேர்க்கை: 61 கட்டை கீபோர்டு வைத்திருப்பவர்கள் மேலே கட்டை தீர்ந்துபோகிறது என்று எழுதியிருந்தார்கள். அந்த இடத்தில் வலது கையை ஒரு ஸ்தாயி இறக்கி வாசியுங்கள். அப்போது இரண்டு கைகளும் நெருங்கி வரும், இடது கையை இன்னும் மென்மையாக்குங்கள்.