உயிர் எதையாவது சாரும்: தியானத்தில் உட்காருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அரசலாற்றங்கரையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஞாயிறு காலை ஏழெட்டுப் பேர் கூடுவோம். அரை மணி நேரம் சும்மா உட்காருவது, பிறகு சைவ சித்தாந்தத்தில் ஒரு சின்னப் பாடம், அப்புறம் காபி. நான் குரு இல்லை. உரக்கடையில் கணக்கெழுதிய ஆள். இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக உட்காருகிறேன், அவ்வளவுதான்.

போன மாதம் புதிதாக ஒரு தம்பி வந்தார். சென்னைக் கம்பெனியில் ஐ.டி. வேலை, ஊரிலிருந்தே பார்க்கிறார். மூன்றாவது வாரம் காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, “இப்பல்லாம் அம்மா என்ன சொன்னாலும் என்னைத் தொடறதில்லை ஐயா. அழுதாக்கூட உள்ள ஒண்ணும் ஆகல” என்றார். முகத்தில் ஒரு பெருமை. எனக்கு வயிறு எரிந்தது. அதே பெருமையை 2003-இல் என் வீட்டுக் கண்ணாடியில் பார்த்தவன் நான்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். சாப்பிட்டவுடன் உட்காரக் கூடாது, போனை அணைக்க வேண்டும், முதுகு நிமிர்ந்திருக்க வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

அனுபவங்களைச் சேகரிப்பது

நெற்றியில் வெளிச்சம், காதில் மணிச்சத்தம். வந்தால் வரட்டும். நோட்டில் எழுதி வைக்காதீர்கள்.

மாயை என்றால் பொய் என்று எண்ணுவது

நம் பக்கத்தில் இரண்டு பாடங்கள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. அத்வைதத்தில் மாயை என்றால் ஒன்று வேறொன்றாகத் தெரியும் தோற்றம். சித்தாந்தத்தில் அப்படி இல்லை. மாயை உள்ள பொருள். நம் உடம்பும், மனம் முதலான கருவிகளும், இந்த உலகமும், இங்கே அனுபவிப்பவையும் அதிலிருந்துதான் உண்டாகின்றன. தனு, கரணம், புவனம், போகம் என்று பாடம் சொல்லும்போது அடுக்குவார்கள். எதற்காக இவை? தொன்றுதொட்டே உயிரை மூடியிருக்கும் ஆணவம் என்ற இருளில் ஒன்றும் தெரியாமல் கிடக்கும் உயிருக்குக் கொஞ்சம் வெளிச்சம் காட்ட. 14-ஆம் நூற்றாண்டில் சிதம்பரத்தில் இருந்த உமாபதி சிவம், மாயையை விடியும் வரைக்குமான விளக்கு என்கிறார்.

ராத்திரி கரண்ட் போனால், சூரியன் வரப்போகிறதே என்று கையில் இருக்கும் சிம்னியை யாராவது ஊதி அணைப்பார்களா? மாமியார், சொசைட்டிக் கடன், பிள்ளையின் பரீட்சை எல்லாம் அந்த விளக்கில் சேர்த்திதான். “எல்லாம் மாயைங்க” என்று கையை விரிப்பவரிடம் எந்தப் பாடத்து மாயை என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது.

வறண்டுபோனதை வைராக்கியம் (பற்றின்மை) என்று நம்புவது

2002-இலும் மேட்டூர் அணை ஜூன் 12-க்குத் திறக்கவில்லை, 2003-இலும் திறக்கவில்லை. இரண்டு வருஷம் குறுவை நெல் இல்லை. ஆற்றுக்குள் பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள். அந்த ஆவணியில் அப்பா போனார். காய்ந்த வரப்பில் போய் நின்றுவிட்டு வந்து படுத்தவர், எழுந்திருக்கவில்லை.

நான் உட்காரத் தொடங்கி அப்போது நாலு வருஷம். காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம், ஒரு நாள் தவறியதில்லை. மூத்தவன் என்பதால் கொள்ளி வைத்தது நான். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. என் தம்பி தரையில் புரண்டு அழுதான். பெண்கள் மாரடித்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருக்க, நான் தூணில் சாய்ந்து மூச்சைக் கவனித்துக்கொண்டிருந்தேன். “பெரியவனுக்கு என்ன பக்குவம் பாரு” என்று பெரியப்பா யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. அது மட்டும் தேனாக இறங்கியது. அப்பன் செத்தது தொடாதவனை இந்த ஒரு வார்த்தை எப்படித் தொட்டது? அன்றைக்கே இதைக் கேட்டிருந்தால் நாலு வருஷம் மிச்சமாகியிருக்கும்.

காரியம் முடிந்ததும் கடன் வந்து நின்றது. பயிர்க்கடன் ஒன்று, அம்மாவின் நகைமேல் ஒன்று. தம்பிதான் அலைந்தான். என்னிடம் வந்து நின்றபோது நான் சொன்ன பதில் இப்போதும் வாயில் கசக்கிறது. “கடன் உடம்போடதுடா. உயிருக்கு ஏது கடன்?” சொசைட்டிக்காரர்கள் இந்தப் பதிலை ஏற்றுக்கொள்ளவில்லை. இருந்த ஆறு மா நிலத்தில் இரண்டு மாவை விற்றான். வாய்க்கால் ஓரத்துத் தலைமடை நிலம். பத்திர ஆபீசில் நானும் போய்க் கையெழுத்துப் போட்டேன், அதையும் சிரித்துக்கொண்டே. தம்பி பேச்சை நிறுத்திவிட்டான். ஒரு கட்டு அறுந்தது என்று அதையும் என் வரவில் எழுதிக்கொண்டேன்.

2007-இல் ஒரு நாள் மோட்டார் ரிப்பேருக்கு வந்தவர், பேசிய கூலிக்கு மேல் ஐம்பது ரூபாய் கேட்டார். நான் கத்திய கத்தலில் தெருவே கூடிவிட்டது. செருப்பைக் கையில் எடுத்தேன் என்று பிறகு சொன்னார்கள். உள்ளே வந்து உட்கார்ந்தால் கை நடுக்கம் நிற்கவில்லை. மனைவி ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, “நாலு வருஷம் கழிச்சு இன்னைக்குத்தான் இந்த வீட்ல ஆள் இருக்குற சத்தம் கேட்குது” என்றாள். கேலியாகச் சொல்லவில்லை. அன்று ராத்திரிதான் அப்பாவுக்காக அழுதேன்.

அந்த நாலு வருஷம் எனக்குள் நடந்தது என்ன என்பதைப் பாடத்தைத் திருப்பிப் படித்துத்தான் புரிந்துகொண்டேன். உயிரின் இயல்பு சார்ந்ததன் வண்ணமாவது. செம்பருத்திப் பக்கத்தில் வைத்த படிகம் சிவப்பாகத் தெரிவதுபோல, உயிர் எதைச் சார்கிறதோ அதன் நிறத்தைக் காட்டும். எதையும் சாராமல் தனியே நிற்க அதற்குத் தெரியாது. ஆக, உலகத்திலிருந்து அதைப் பிடுங்கிவிட்டால், அது நேராகப் போய்த் திருவருளில் நிற்கும் என்று யார் சொன்னது? பக்கத்தில் எது இருக்கிறதோ அதைப் பிடித்துக்கொள்ளும். என்னுடையது ஆணவத்தைப் பிடித்தது. ‘பக்குவப்பட்டவன்’ என்ற பெயரைப் பிடித்தது.

அதைக் கண்டுபிடிப்பதும் லேசு இல்லை. இருட்டு மற்ற பொருள்களை மறைத்தாலும் தான் இருப்பதையாவது காட்டும், ஆணவம் தன்னையும் காட்டாது. இதுவும் உமாபதி சிவம் சொன்னதுதான். உள்ளே இருப்பவனுக்கு அது தெரியவே தெரியாது. கூடக் குடியிருப்பவருக்குத் தெரியும்.

மேல்நாட்டு உளவியலிலும் இதற்குப் பெயர் உண்டு. பௌத்தத் தியானம் பழகிய அமெரிக்க உளவியலாளர் ஜான் வெல்வுட், 1980-களில் இதை ‘ஸ்பிரிச்சுவல் பைபாசிங்’ என்றார். ஆறாத காயத்தையும் முடிக்காத துக்கத்தையும் தொடாமல், ஆன்மிகத்தைக் கொண்டு சுற்றிக்கொண்டு போய்விடுவது. பைபாஸ் என்ற சொல் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. கும்பகோணத்துக்குள் வேலை இருக்கிறவன் பைபாஸில் போனால் நெரிசல் இருக்காதுதான். வேலையும் முடியாது.

இருவினையொப்பு என்ற சொல்லும் அப்போது எனக்கு வசதியாக இருந்தது. நல்வினைப் பயன், தீவினைப் பயன் இரண்டிலும் விருப்பு வெறுப்பு இல்லாமல் நிற்கும் நிலை அது. தனக்கு வருகிற பயனைப் பற்றிய பேச்சு. தம்பி கஷ்டப்படுவதையும் படாததையும் ஒன்றாகப் பார்க்கச் சொல்லவில்லை. திருவீழிமிழலை எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய் வரும் தூரம்தான். அங்கே பஞ்சம் வந்தபோது அப்பரும் சம்பந்தரும் கண்ணை மூடி உட்காரவில்லை, இறைவன் நாள்தோறும் தந்த படிக்காசைப் பெற்று அடியார்களுக்குச் சோறு போட்டார்கள் என்கிறது பெரிய புராணம். சம்பந்தருக்குக் கிடைத்த காசு மட்டும் வாசி, அதாவது குறை, உள்ள காசு; மாற்றப்போனால் மதிப்பில் கழித்துக்கொண்டார்கள். அந்த வாசி தீர வேண்டும் என்று அவர் பதிகமே பாடியிருக்கிறார். ஞானப்பால் குடித்த பிள்ளை காசுக் கணக்குப் பார்த்தது. உரக்கடைக் கணக்கன் நான் உயிருக்குக் கடன் ஏது என்றேன்.

இதை அடையாளம் காண நான் வைத்திருக்கும் சோதனை ஒன்றுதான். வறண்டவனுக்கு அம்மாவின் அழுகையும் தொடாது, வீட்டுக் குழந்தையின் சிரிப்பும் தொடாது. பாராட்டு மட்டும் தொடும். அப்படி இருந்தால் உட்காரும் நேரத்தைக் குறையுங்கள். நான் சாயங்கால மணி நேரத்தை அடியோடு விட்டேன். அந்த நேரத்தில் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன், பாக்கிக் கடனின் கணக்கைக் கையில் எடுத்தேன். காலையில் உட்கார்ந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடாமல், அன்றைக்கு யாரைப் பார்க்காமல் தப்பிக்க நினைக்கிறேனோ அந்த முகத்தை முதலில் கொண்டுவந்தேன். தொண்டையில் அடைக்கும், நெஞ்சில் அடைக்கும். அடைக்கும் இடத்திலேயே இருந்தேன். அடுத்த ஆடி அமாவாசைக்குத்தான் அப்பாவுக்குத் தர்ப்பணம் ஒழுங்காகக் கொடுத்தேன். அதுவரை கொடுத்ததெல்லாம் எள்ளும் தண்ணீரும்.

தம்பி மறுபடி பேச இன்னும் இரண்டு வருஷம் ஆயிற்று. நிலம் திரும்பவில்லை. அதில் இப்போது வேறொருவர் வாழை போட்டிருக்கிறார். நல்ல வாழை.

அடுத்தவர் வினைக்குக் கணக்கெழுதுவது

2018 நவம்பர் 16-ஆம் தேதி விடிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னைகள் வேரோடு விழுந்து கிடந்தன. அந்த ஞாயிறு எங்கள் திண்ணையில் ஒருவர், “என்ன பண்றது, அவங்கவங்க வினை” என்றார். அன்று பாடம் நடக்கவில்லை. அரிசியும் தார்ப்பாயும் சேர்க்கப் போனோம். சொன்னவரையும் இழுத்துக்கொண்டுதான் போனோம்.

கன்மம், அதாவது வினை, என்ற பேரேட்டில் உங்கள் பெயரில் ஒரு பக்கம் உண்டு. அதில் மட்டும் எழுதுங்கள். எனக்கு வந்த கஷ்டத்தை என் வினை என்று எடுத்துக்கொண்டால் யாரையும் பழிக்காமல் எழுந்து நடக்கலாம். அடுத்தவருக்கு வந்ததை அவர் வினை என்று சொன்னால், உதவாமல் இருப்பதற்கு ஒரு சாக்கு கிடைக்கும். வடிகால் தூர்வாராமல் சம்பா மூழ்கினால் வடிகாலைத்தான் பார்க்க வேண்டும்.

மருந்தை நிறுத்துவது

கூடாது. இரண்டு வாரமாகத் தூக்கம் இல்லை, எதிலும் பிடிப்பு இல்லை என்றால் அது ஞானத்தின் அறிகுறி இல்லை, மனநல மருத்துவரைப் பாருங்கள். யாரிடம் போவது என்று தெரியாவிட்டால் அரசின் மனநல உதவித் தொலைபேசி டெலி மானஸ் எண் 14416. தமிழிலும் பேசலாம், காசு கிடையாது.

வெள்ளை வேட்டி

வேண்டாம்.

அந்தத் தம்பியிடம் அன்று இவ்வளவும் சொல்லவில்லை. ஒரு வாரம் உட்கார வேண்டாம், அம்மா எதற்கு அழுதார்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டு வாங்க என்றேன். முகம் சுருங்கிப் போனார், அடுத்த ஞாயிறு வரவில்லை. நேற்று போன் செய்தார். தங்கச்சி கல்யாணப் பேச்சில் அம்மாவோடு பெரிய சண்டையாம். “ரெண்டு நாளா கோபம் கோபமா வருது ஐயா. அப்புறம் அழுகையும் வந்துடுச்சு. பண்ணினதெல்லாம் வீணாப் போச்சு போல.”

சரி தம்பி, இந்த ஞாயிறு வாங்க என்றேன்.