ஜெனரேட்டர் வாங்கும் முன் புகைபோக்கிக்கு இடம் பாருங்கள்

தமிழ்நாட்டில் சின்ன மருத்துவமனை, கல்யாண மண்டபம், அடுக்குமாடிக் குடியிருப்பு எதற்கு டீசல் ஜெனரேட்டர் வாங்கினாலும் முதலில் விலையைத்தான் விசாரிக்கிறோம். புகை எங்கே போகும் என்ற கேள்வி கடைசியில் வருகிறது. டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-லேயே அறிவித்துவிட்டது. அந்தப் புகை பக்கத்து வீட்டு ஜன்னலுக்குள் போகக்கூடாது. அதனால் விதிகளை இந்த வரிசையில் பாருங்கள்.

படி 1: இன்ஜின்

புதிதாக வாங்குவது மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் (சிபிசிபி) புகை அளவு விதியான 'சிபிசிபி 4 பிளஸ்' தரத்தில் இருக்க வேண்டும். 800 கிலோவாட் வரையிலான ஜெனரேட்டர்களுக்கு இந்தத் தரம் 2023 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்தது. பழைய ஜெனரேட்டர் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால், நேம் பிளேட்டில் தயாரிப்பு ஆண்டையும் கேவிஏ (ஜெனரேட்டரின் மின்திறன்) அளவையும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

படி 2: புகைபோக்கி

இதற்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். உயரத்துக்கு மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியம் ஒரு சூத்திரம் தந்திருக்கிறது: கேவிஏ அளவின் வர்க்கமூலத்தை 0.2-ஆல் பெருக்கி, ஜெனரேட்டர் இருக்கும் கட்டடத்தின் உயரத்தோடு கூட்டுங்கள்.

உதாரணமாக, 10 மீட்டர் உயரக் கட்டடம், 100 கேவிஏ ஜெனரேட்டர். 100-ன் வர்க்கமூலம் 10, அதை 0.2-ஆல் பெருக்கினால் 2. ஆக, தரையிலிருந்து 12 மீட்டர். 25 கேவிஏ என்றால் 11 மீட்டர் போதும்.

இது குறைந்தபட்ச உயரம். பக்கத்தில் உங்கள் கட்டடத்தைவிட உயரமான வீடு இருந்தால் குழாயை அந்தப் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம். வாய் மேல்நோக்கி இருக்கட்டும். மழைக்காக வளைத்துக் கீழ்நோக்கி விட்டால் புகை திரும்பவும் தெருவுக்கே இறங்கிவிடும்.

படி 3: சத்தம்

ஒலித்தடுப்புக் கூண்டோடு வருவதையே வாங்குங்கள். கூண்டிலிருந்து ஒரு மீட்டர் தூரத்தில் சத்தம் 75 டெசிபலைத் தாண்டக்கூடாது.

படி 4: இசைவாணை (மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி)

மத்திய வாரியத்தின் 2016 வகைப்பாட்டில் 15 கேவிஏ முதல் 1 எம்விஏ (1,000 கேவிஏ) வரையிலான டீசல் ஜெனரேட்டர்கள் பச்சைப் பிரிவில், அதாவது மாசு குறைவான வகையில் இருந்தன. பட்டியல் அவ்வப்போது திருத்தப்படுவதால், உங்களுக்கு எது பொருந்தும் என்று மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

விண்ணப்பம் தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில். நிறுவுவதற்கு ஓர் இசைவாணை, அப்புறம் இயக்குவதற்கு ஒன்று. இடத்தின் ஆவணம், ஜெனரேட்டரும் புகைபோக்கியும் குறிக்கப்பட்ட வரைபடம், முதலீட்டுக்கு ஆடிட்டர் சான்றிதழ் ஆகியவற்றைத் தயாராக வையுங்கள். மருத்துவமனைக்கு ஏற்கெனவே இசைவாணை இருந்தால் புதிய ஜெனரேட்டரை அதில் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். அதிலுள்ள அட்டவணையில் ஒவ்வொரு புகைபோக்கியின் உயரமும் எழுதப்பட்டிருக்கும். ஆய்வுக்கு வருபவர் அதைத்தான் நேரில் ஒப்பிட்டுப் பார்ப்பார்.

படி 5: மற்றவை

மின் பாதுகாப்பைப் பார்ப்பது மின் ஆய்வுத் துறை; அது மாசு கட்டுப்பாட்டு வாரியத்திலிருந்து தனி. டீசலை மொத்தமாக 2,500 லிட்டர் வரை, எந்தக் கலனும் 1,000 லிட்டரைத் தாண்டாமல் வைத்தால் பெட்ரோலியச் சட்டப்படி உரிமம் தேவையில்லை. இசைவாணை எந்தத் தேதி வரை செல்லும் என்பதை ஜெனரேட்டர் அறைச் சுவரிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.